நேட்டாலுக்குக் கப்பல் ஏறிய முன்னோரைத் தேடுவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, குடியாத்தம் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். நேட்டால் என்றால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் இருக்கிற பகுதி, அப்போது ஆங்கிலேயர் காலனி. கேள்வியைப் படிக்கிறேன். "எங்கள் பாட்டனாருக்கு அண்ணன் ஒருவர் தாது வருஷப் பஞ்சத்தில் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டார். ஒரே ஒரு கடிதம் வந்ததாம். அதுவும் இப்போது இல்லை. வெருலம் என்று ஓர் ஊர்ப் பெயரைப் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் அங்கே என்ன ஆனார், பிள்ளைகுட்டி உண்டா, திரும்பி வந்தாரா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது அம்மா. சொல்லப்போனால் உங்கள் குடும்பம் நல்ல தடயங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தாது வருஷம் என்றால் 1876-77. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை, அதாவது இத்தனை வருஷம் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டவர்களை, கொண்டுபோனது 1860 நவம்பர் 16-ல் ஆரம்பித்தது. அன்றைக்கு ட்ரூரோ என்ற கப்பல் சென்னையில் இருந்து டர்பனில் போய் நின்றது. நடுவில் 1866-ல் ஆள் எடுப்பது நின்றுபோய், 1874-ல்தான் மறுபடி தொடங்கியது. அதனால் "1870 வாக்கில் போனார்" என்று யாராவது சொன்னால் அந்த வருஷக் கணக்கு இடிக்கும். உங்கள் கணக்கு இடிக்கவில்லை. வெருலம் என்பதும் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற நிஜமான ஊர். பாட்டி சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், உச்சரிப்பைக்கூடத் திருத்தாதீர்கள்.

சரி, எங்கே தேடுவது? 1860-ல் இருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போனவர்கள் 1,52,184 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் ஆள் பட்டியல் உண்டு. மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய வேலை டர்பனில் உள்ள பல்கலைக்கழகத்தில் நடந்தது. இப்போது குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதைப் பராமரிக்கிறது.

அந்தப் பட்டியலில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. முதலில் ஓர் எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை, அப்படி எழுதியிருப்பார்கள். போட்டோ எடுத்து ஒட்டாத காலத்துப் பட்டியல், அந்தத் தழும்புதான் ஆளுக்கு அடையாளம். ஒருவருடைய முகமே நமக்குத் தெரியாது, ஆனால் முழங்காலில் தழும்பு இருந்தது தெரிகிறது. அந்த வரியைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பில் பெயரை வைத்துத் தேடுவார்கள். நீங்கள் அனுப்பிய பெயரை நான் இங்கே சொல்லவில்லை, ஆனால் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர் அது. முனுசாமி, வீராசாமி, பெருமாள் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். அதுவும் வெள்ளைக்கார அதிகாரியும் அவர் குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார். பெயரை ஓரமாக வையுங்கள். முதலில் ஜில்லா: அப்போது உங்கள் ஊர் வட ஆற்காடு. பிறகு தாலுகா. பிறகு கிராமம். அதற்குப் பிறகு தகப்பன் பெயர். இந்த நான்கும் பொருந்தினால் ஆள் பெயர் ஓர் எழுத்து இரண்டு எழுத்து மாறியிருந்தாலும் பரவாயில்லை. வயதை நம்ப வேண்டாம், ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கும். சாதிப் பத்தியையும் கடைசியில் பாருங்கள். டிப்போவில், அதாவது கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த முகாமில், கேட்டதற்கு ஆள் ஒன்றைச் சொல்லியிருப்பார், எழுதியவர் ஒன்றை எழுதியிருப்பார்.

தகப்பன் பெயர் உறுதியாகத் தெரியவில்லை என்றால் வீட்டிலேயே அதற்கு ஆதாரம் இருக்கலாம். பரணில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், கிரயப் பத்திரம் கிடக்கிறதா பாருங்கள். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிக்கும்போது எல்லார் பெயரும் தகப்பன் பெயரோடு வரும். ஊரில் இல்லாத அண்ணனுக்கு என்ன பங்கு வைத்தார்கள் என்பதும் அதில் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். சர்வே எண்ணோ பத்திர வருஷமோ தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

இப்போது கப்பல் பட்டியலின் வரியில் முதலில் இருந்த எண்ணுக்கு வருகிறேன். அதைக் காலனி எண் என்பார்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அதைத்தான். கப்பலில் போன எல்லாருக்கும், ஆண், பெண், கைக்குழந்தை என்று பார்க்காமல், ஆளுக்கு ஓர் எண். குடும்பமாகப் போனால் எண்கள் அடுத்தடுத்து வரும். அதனால் உங்கள் ஆளுக்கு மேல் வரியும் கீழ் வரியும் கட்டாயம் பாருங்கள். தனியாகப் போனார் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், கீழ் வரியில் ஒரு பெண் இருப்பார். அதே ஊர்க்காரர் யாராவது சேர்ந்து போனார்களா என்பதும் அங்கேதான் தெரியும்.

அந்த எண் அவரை ஆயுசு முழுக்க விடவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம் எந்தத் தோட்டத்தில், அது முடிந்ததும் கொடுத்த சான்று, கல்யாணப் பதிவு, அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவு, முதலாளி மேல் கொடுத்த புகார், எல்லாவற்றிலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் வரும். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி டர்பனில் இருந்தார். அவர் அலுவலகக் கோப்புகள் இன்றும் இருக்கின்றன. பெயர் எப்படித் திரிந்தாலும் எண் திரியாது. ஒரு மனிதனை எண்ணாக ஆக்கியது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்றைக்கு அவரை மறுபடி மனிதராகக் கண்டுபிடிக்க அதே எண்தான் நமக்கு உதவுகிறது.

அடுத்தது, அவர் அங்கேயே இறந்திருந்தால். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை இணையத்தில் தேடலாம். நேட்டாலில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. கோப்புத் தலைப்பிலேயே பல சமயம் காலனி எண் போட்டிருக்கும். உள்ளே இறப்பு அறிவிப்புப் படிவம் என்று ஒன்று இருக்கும், உறவினர் சொல்லச் சொல்ல நிரப்பியது. இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், மனைவி, உயிரோடு இருக்கும் பிள்ளைகள், எல்லாம் ஒரே தாளில். உங்கள் கேள்வியில் "பிள்ளைகுட்டி உண்டா" என்ற பாதிக்குப் பதில் அந்தத் தாளில் இருக்கக்கூடும். நாலு மாடும் ஒரு வண்டியும் வைத்திருந்த ஆளுக்குக்கூடக் கோப்பு திறந்திருப்பார்கள், ஆகையால் ஏழை என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ நிரந்தரக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. பெருமாள், மூன்சாமி என்ற குடும்பப் பெயர்கள் டர்பனில் இன்றும் இருக்கின்றன. ஆக, உங்கள் பெரிய பாட்டனாரின் பெயரே ஒரு குடும்பத்தின் பெயராக அங்கே இருக்கலாம்.

திரும்பி வந்தாரா என்று கேட்டீர்கள். மொத்தம் பத்து வருஷம் அங்கே இருந்தவர்களுக்கு இலவசத் திரும்பு பயணம் உண்டு. திரும்பினாலும், அங்கேயே இறந்தாலும், பதிவேட்டில் அந்த ஆளின் குறிப்புப் பத்தியில் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. சென்னையில் இறங்கி, ஊருக்கு வராமலே வேறெங்கோ போனவர்களும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள். குறிப்புப் பத்தி காலியாக இருந்தால் அவசரப்பட்டு முடிவுக்கு வராமல் சொத்துக் கோப்புக்குப் போங்கள்.

முதல் வேலையாக வீட்டுப் பெரியவர்களிடம் அவருடைய தகப்பன் பெயரையும், அந்தக் காலத்தில் ஊரை என்ன பெயரில் சொன்னார்கள் என்பதையும் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள் அம்மா. கப்பல் பட்டியலில் சேர்ந்து தேடிப் பார்ப்போம். சரி, அடுத்த கேள்வி.