துணைக்கு வந்தவன் நடுவில் வந்து நின்றால்… (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கமுங்க. பெருந்துறையில் இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். "அண்ணா, கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைக் கருப்பினத்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள். தோரின் சுத்தியலைப் பெண் தூக்குகிறார். ஸ்பைடர்மேனே வேறு பையன் ஆகிவிட்டான். பிடிக்கவில்லை என்று சொன்னால் நிறவெறியன் என்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் மனசு ஒப்பவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியா?"

அந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை. கோபமாகக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். இந்தத் தம்பி சங்கடப்பட்டுக் கேட்கிறார். அதனால் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இல்லை தம்பி, அந்தச் சங்கடம் மட்டும் உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்காது. சின்ன வயதில் இருந்து பழகின ஒரு முகம் திடீரென்று காணாமல் போனால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அது பாசத்தில் வருகிற வருத்தம்.

ஆனால் படத்தைப் பார்க்கும் முன்பே வருகிற கோபம் ஒன்று உண்டு. 2011-இல் தோர் படத்தில் ஹெய்ம்டால் வேடத்துக்குக் கருப்பின நடிகர் இட்ரிஸ் எல்பாவைப் போட்டபோது, வட ஐரோப்பியக் கடவுள் எப்படிக் கருப்பாக இருக்க முடியும் என்று கிளம்பினார்கள். அந்தக் கடவுள்கள் வானவில் பாலத்தில் நின்று உலகம் விட்டு உலகம் போகலாம், அது இடிக்கவில்லை. வாசல் காக்கிறவரின் தோல்தான் இடித்தது. 2019-இல் கேப்டன் மார்வெல் வெளியாகும் முன்பே, படம் பார்க்க விருப்பமில்லை என்று ராட்டன் டொமேட்டோஸ் என்ற திரை விமர்சனத் தளத்தில் கூட்டமாகப் போய்க் குத்தினார்கள். அந்தத் தளம் அந்த வசதியையே மாற்றி அமைக்க வேண்டி வந்தது. படம் உலகம் முழுக்க 110 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்க்காத படத்தின் மேல் வருகிற கோபத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? தம்பி, உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: உங்கள் சங்கடம் படம் பார்த்த பிறகு வந்ததா, போஸ்டர் பார்த்தவுடன் வந்ததா?

சரி, இப்போது நான் எப்போதும் சொல்கிற இடத்துக்கு வருகிறேன். பழைய பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் லொதாரைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டேன். மந்திரவாதி மாண்ட்ரேக் காமிக்ஸ் கதைகளில் அவர் பக்கத்திலேயே நிற்பாரே, அந்த லொதார். 1934-இல் லீ பாக் மாண்ட்ரேக்கைத் தொடங்கியபோதே லொதாரும் வந்துவிட்டார். ஏழு தேசங்களின் இளவரசர். அரியணையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். ஆனால் அவரைக் காட்டியது எப்படி? சிறுத்தைத் தோலைச் சுற்றிக்கொண்டு, தலையில் துருக்கிக் குல்லாய் போட்டு, அரைகுறை ஆங்கிலம் பேசவிட்டார்கள். அடிதடி வந்தால் முன்னால் போவார், பாராட்டு வந்தால் பின்னால் நிற்பார். 1965-இல் பிரெட் பிரெடரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் அவருக்கு ஒழுங்கான உடுப்பும் ஒழுங்கான பேச்சும் கிடைத்தன. முப்பது வருடம், தம்பி!

என்னிடம் பழைய மாண்ட்ரேக் புத்தகம் ஒன்று இருக்கிறது. பின் துருப்பிடித்து அட்டையில் இறங்கியிருக்கும். அதில் ஒரு கட்டத்தில் மாண்ட்ரேக் சோபாவில் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், லொதார் கதவோரம் நிற்கிறார். முகம்கூட வரையவில்லை, பாதித் தோள் மட்டும்தான். பையனாக இருந்தபோது அந்தக் கட்டத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அங்கேயே நின்றுவிடுகிறேன்.

கேப்டன் அமெரிக்கா விஷயமும் இதுதான். சாம் வில்சன், அதாவது பால்கன், 1969-இலேயே காமிக்ஸில் வந்தவர். காமிக்ஸில் கேடயம் அவர் கைக்கு வந்தது 2014-இல். நாற்பத்தைந்து வருடம் பக்கத்தில் நின்ற ஆள் அவர், எங்கிருந்தோ கொண்டுவந்து சொருகினவர் கிடையாது. சாமை வைத்து 2021-இல் வந்த தொடரில் ஐசையா பிராட்லி என்ற பெரியவர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? அவர் உடம்பில் மருந்து ஏற்றிச் சோதனை செய்தது அரசாங்கம். சண்டைக்கு அனுப்பியது. அப்புறம் முப்பது வருடம் சிறையில் போட்டு, அப்படி ஒருத்தர் இருந்ததையே மறைத்துவிட்டது. 2003-இல் வந்த காமிக்ஸ் கதையில் இருந்து எடுத்த பாத்திரம். அதற்கு வேர் அமெரிக்காவில் நிஜமாக நடந்த டஸ்கெகீ சோதனை. கருப்பின ஆண்களுக்கு வந்த மேக நோயை, மருந்து இருந்தும் கொடுக்காமல், 1932-இல் இருந்து 1972 வரை சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு சாம் கேடயத்தைத் தொடவே தயங்குகிறார் பாருங்கள், அந்தத் தயக்கத்தை முதல் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸை வைத்து எழுத முடியாது. ஆள் மாறியதால்தான் அந்தக் கதை பிறந்தது.

எல்லா மாற்றமும் இப்படி அமையவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நாயகர்களின் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் ஒரே காலகட்டத்தில் தோர், கேப்டன் அமெரிக்கா என்று வரிசையாக ஆளை மாற்றியது. வாசகருக்கு மூச்சுவிட நேரம் இல்லை. சிலதில் உடுப்பு மாறியது, கதை மாறவில்லை. அதைத் திணிப்பு என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். 2017-இல் மார்வெலின் விற்பனை அதிகாரி ஒருவரே, புதிய வகை நாயகர்களை வாசகர்கள் விரும்பவில்லை என்று கடைக்காரர்கள் சொல்வதாகப் பேசினார், பிறகு விளக்கமும் கொடுத்தார். அதே மார்வெலில்தான் 2014-இல் கமலா கான் தனிப் புத்தகமாக வந்தாள். ஜெர்சி சிட்டியில் வளர்கிற பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண். ராத்திரி விருந்துக்கு அப்பா விடமாட்டார், திருட்டுத்தனமாகப் போவாள், அங்கேதான் சக்தி வரும். அடுத்த வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது. அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, மசூதி இருக்கிறது, திட்டுகிற அம்மா இருக்கிறார். கோபியிலோ தாராபுரத்திலோ இருக்கிற எந்த அம்மிணிக்கும் அந்த அம்மாவைத் தெரியும்.

நம் ஆட்கள் கத்தும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றும். நமக்கு எந்த நாயகன் நம் நிறத்தில் வந்தான்? 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக்காரர். 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைஸிதான், ஒரு பெண்! இளவரசி என்று பட்டம் கொடுத்துக் கொண்டாடினோம். டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர்கள் உருவாக்கிய அமெரிக்கர், நவஹோ மக்களின் தலைவர். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வந்து பாருங்கள், பேரன் எடுத்தவர்கள் எல்லாம் "நம்ம டெக்ஸ்" என்று கட்டிக்கொண்டு பேசுவார்கள். தோலைப் பார்க்காமல் ஒருவனை நம்மவன் ஆக்கிக்கொள்ளும் மனசு நமக்கு அப்போதே இருந்தது. அதை இப்போது ஏன் விட வேண்டும்?

திருப்பூர் காதர்பேட்டையில் என் நண்பர் ஒருவருக்கு பனியன் கடை. கருப்பின நாயகனை வைத்து பிளாக் பேந்தர் படம் வந்த 2018-இல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். சரக்கு எடுக்க நைஜீரியா வியாபாரி ஒருவர் வந்தார். அந்தப் பேட்டையில் அவர்கள் வருவது சகஜம். குழந்தைகள் டி-ஷர்ட் கட்டைப் பிரித்து பேட்மேன், சூப்பர்மேன் எல்லாவற்றையும் ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார். அந்தப் படத்தில் வருகிற வகாண்டா நாட்டு வணக்கம்! நண்பருக்குப் புரியவில்லை, நான் சொன்னேன். கட்டில் கொஞ்சம்தான் இருந்தது. அவ்வளவையும் ஒவ்வொன்றாக விரித்து, தையல் பார்த்து, மடித்து, தன் பையிலேயே வைத்துக்கொண்டார். மூட்டையில் போடவில்லை. அது வியாபாரத்துக்கு எடுத்த சரக்கு இல்லை என்று எனக்குப் பட்டது.

இப்போது, என்னை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். நம் லொதார் யார்?

அண்ணன்மார் கதை தெரியாத கொங்கு வீடு இருக்கிறதா? அண்ணன் தம்பி பொன்னர், சங்கர், கொம்பன் பன்றி, தங்கை தங்காள். நமக்கு அதுதான் சூப்பர் ஹீரோ கதை. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் அம்மா 1965 வாக்கில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதையைப் பாடச் சொல்லி ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னால் அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் சித்திரக் கதையாகவும் கொண்டுவந்தார். அந்தக் கதையில் சாம்புவன் இருக்கிறான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன், பெரிய பலசாலி, சங்கருக்கு நிழல் மாதிரி. கனமான வேலை எல்லாம் அவனுக்கு. கதை மட்டும் அண்ணன்மாருக்கு. அவன் வீடு எங்கே, அம்மா யார், ராத்திரி சாப்பிட்டானா என்று நாம் கேட்டதே இல்லை.

2025-இல் மலையாளத்தில் லோகா படம் வந்தது. கள்ளியங்காட்டு நீலியை, பயமுறுத்துகிற யட்சியாகவே சொல்லி வந்த ஒருத்தியை, நடுவில் நிறுத்திக் கதை சொன்னார்கள். ஜனம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது. சாம்புவனை அப்படி அட்டைப்படத்தின் நடுவில் நிறுத்தி ஒரு புத்தகம் வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? "யாரு வீட்டுப் பையன்?" என்று சுற்றி வளைத்துக் கேட்போமே, அந்தக் கேள்விதான் முதலில் வரும். பாரம்பரியத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு குரல் கிளம்பும். ஹெய்ம்டாலுக்குக் கிளம்பின அதே குரல்தான் அது. அமெரிக்க ரசிகர்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் முன்னால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். நினைத்தால் வலிக்கிறது, எனக்கு இந்த மண்ணும் இந்தக் கதையும் அவ்வளவு பிடிக்கும்.

அந்தப் புத்தகம் வர வேண்டும். கோவையிலும் ஈரோட்டிலும் அருமையாக வரைகிற பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! உங்கள் ஊரில் உடுக்கை அடித்து இந்தக் கதையைப் பாடுகிற பெரியவர்கள் இருந்தால், சாம்புவன் வருகிற இடங்களை நிறுத்தி நிதானமாகப் பாடச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், பாடினவர் பெயரோடு இங்கே போடுகிறேன். பெருந்துறைத் தம்பி, உங்கள் பக்கம் யாராவது பாடுகிறார்களா என்று நீங்களும் விசாரித்துச் சொல்லுங்கள்.