குட்டிக்காக வந்த பாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்றொரு சின்னப் பிராணி உண்டு. எலிக் கூட்டத்தைச் சேர்ந்தது, குட்டை வால், உருண்டை முகம். 1970களில் இல்லினாய் மாநிலத்தில் லோவல் கெட்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றைப் பொறிவைத்துப் பிடித்து, அடையாளம் இட்டு விடுவித்துக்கொண்டிருந்தார். அதே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே சிக்கின. பாலூட்டிகளில் இப்படி ஜோடியாக வாழ்பவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக இவற்றுக்குக் கற்புப் பட்டம் கட்டிவிட வேண்டாம். மரபணுச் சோதனையில், கூட்டுக்கு வெளியேயும் உறவு வைத்துக்கொள்வது தெரியவந்திருக்கிறது. குடித்தனம் ஒன்றுதான், அவ்வளவே.

இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? என் பார்வையில், தாய்மையிலிருந்துதான். குட்டியைக் காக்க உருவான மூளைப் பாதையே பிறகு துணைக்கும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று இந்தத் துறையில் பலர் கருதுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள மலை வோலைப் பார்க்க வேண்டும். பிரெய்ரி வோலுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் தனிக்கட்டை. துணையோடு ஒட்டுவதில்லை. பிரசவத்தின்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும் என்பது நீங்கள் கேள்விப்பட்டதுதான். அது வேலை செய்ய, மூளை செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் வேண்டும். பிரெய்ரி வோலின் மூளையில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள ஒரு பகுதியில் இவை ஏராளம். மலை வோலுக்கு அதே இடத்தில் குறைவு. 1992இல் தாமஸ் இன்செல், லாரன்ஸ் ஷாப்பிரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை வெளியிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. எனக்கு அதுதான் பெரியதாகத் தோன்றுகிறது: மலை வோல் குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் அதன் மூளையில் ஏற்பிகளின் அமைப்பு மாறிவிடுகிறது. யாரோடும் ஒட்டாத அந்தப் பிராணி, குட்டியோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

பிரெய்ரி வோலின் கதையில் வேறொரு வேடிக்கை. குட்டி போடாத வளர்ந்த பெண் வோல்கள் பல, முன்னால் வைத்த குட்டியைக் கடித்துக் குதறும். குட்டியே காணாத ஆண்களில் பெரும்பாலானவை அதை நக்கி, அணைத்துக்கொள்ளும்! பிரசவம் ஆனதும் பெண்ணும் அடியோடு மாறிவிடுகிறது. அப்புறம் கொஞ்ச நேரத்திலேயே துணையோடு மறுபடி கூடும். கர்ப்பம் சுமார் 21 நாள்தான், ஆகவே பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றுக் குட்டிகளைச் சுமக்கிறது. தாயாக இருப்பதும் துணையாக இருப்பதும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குட்டிகளைச் சூடாக வைத்துக்கொள்வதில் அப்பாவுக்கும் பங்குண்டு.

சரி, எல்லாம் ஆக்சிடோசின் மகிமையா? அதற்குக் ‘காதல் ஹார்மோன்’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. 2023இல் வெளியான ஆய்வில், ஆக்சிடோசின் ஏற்பிக்கான மரபணுவையே செயலிழக்கச் செய்து பிரெய்ரி வோல்களை வளர்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. ஆனால் பால்குடி மறக்கும் வரை தாக்குப்பிடித்த குட்டிகள் குறைவு. வளர்ந்த வோலுக்கு மருந்து கொடுத்து அந்த ஏற்பிகளைத் தடுத்தபோதோ, பந்தம் உருவாகாமல் போனது முந்தைய சோதனைகளில் தெரிந்ததுதான். கருவிலிருந்தே ஏற்பி இல்லாத மூளை வேறு வழி கண்டுகொள்கிறது என்பது ஒரு விளக்கம். மூளையில் வேலை செய்யும் வேறு வேதிப்பொருள்களான டோபமினும் வாசோபிரெசினும் அந்த வழியில் எவ்வளவு தூரம் துணைவருகின்றன என்பதே இப்போது சோதனைக்கூடங்களில் நடக்கும் வேலை.

நன்றி, வணக்கம்.