கொறங்காடும் காங்கயம் காளையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கொங்கு நாட்டின் இயற்கை, பண்பாட்டு மரபுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி மலை, பவானி கூடுதுறை, காளிங்கராயன் வாய்க்கால், நொய்யல் கரையில் மணி கோத்து வாணிகம் செய்த கொடுமணல் என்று பேசத்தக்கவை எத்தனையோ உண்டு. ஆயினும் காங்கயத்திலிருந்து தாராபுரம் செல்லும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தும் பாராமலும் கடந்துபோகிற ஒன்றைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். மாடு மேய்வதற்காக வேலி அடைத்த புல் நிலமான கொறங்காட்டைப் பற்றித்தான்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு புறமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். புல்லுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். வேலியில் ஓரிடத்தில் ஆளும் மாடும் நுழைய ஒரு கடவு, அதை அடைக்க ஒரு படல். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். நிலம் வாங்க வருகிறவர் இதைப் பார்த்து, ‘சும்மா கிடக்கிற காடு’ என்கிறார். கால்நடை மருத்துவனாகப் பணியாற்றிய காலம் முழுவதும் இந்தக் காடுகளுக்குள் நடந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: கொங்கு நாட்டில் இதைப் போல உழைக்கிற நிலம் வேறில்லை.

இந்தப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசுமே தவிர மழை வராது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் பெரும்பாலும் மழை. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டாலும் 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். சரளை கலந்த மண்ணில் அந்த மழையை நம்பி ஆண்டுதோறும் விதைத்து அறுப்பது பெரும்பாடு. அந்த நிலத்தைப் புல்லுக்கு விட்டு, புல்லை மாட்டுக்கு விட்டு, மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துவது என்று இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுகொண்ட வழிதான் கொறங்காடு. தானாக முளைத்த காடு என்று எண்ணிவிடாதீர்கள். மனிதர் வேலி வைத்து, புல் விதைத்து, மரத்தை வேண்டிய அளவுக்கு விட்டு, வேண்டாததைக் களைந்து ஆக்கிய காடு இது.

வெள்வேல மரத்தை மட்டும் சற்று நெருங்கிப் பாருங்கள். சித்திரை வெயிலில் புல் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும் வேளையில் அந்த மரத்தின் காய்கள் முற்றி உதிர்கின்றன. ஆடுகளும் மாடுகளும் அவற்றைத் தேடித் தேடித் தின்கின்றன. மேலே உள்ள சதை செரித்துவிடும். கெட்டியான விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, எருவும் ஈரமும் கிடைத்த இடத்தில், மழை பெய்ததும் முளைக்கிறது. மரம் மாட்டுக்குக் கோடையில் தீனி கொடுக்கிறது. மாடு மரத்துக்கு நாற்று விடுகிறது. அந்த மர நிழலில் புல்லும் சற்றுக் கூடுதல் நாள் பசுமையாக நிற்கிறது.

வேலிக்கு வருகிறேன். கிளுவைப் போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டை, வெட்டி மழைக்கு முன்னர் வரிசையாக ஊன்றிவிட்டால் அது வேர்விட்டு, முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டு உயிர்வேலியாக நிற்கும். காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மாலை வரையில் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். வீட்டில் இரண்டே பேர் இருக்கும் குடும்பமும் நான்கு மாடு வைத்துக்கொள்ள முடிந்தது இந்த வேலியால்தான். அதே வேலிக்குள் கௌதாரி முட்டையிடும், முயல் பதுங்கும், கீரி ஓடும். வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுகிறவர்கள் இதையெல்லாம் சேர்த்தே பிடுங்குகிறார்கள்.

வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு பெரியவரை நான் அறிவேன். காளைக் கன்று வாங்க யார் வந்தாலும் அவர் கன்றைக் காட்டமாட்டார். முதலில் கொறங்காட்டுக்கே அழைத்துச் செல்வார். ஒருமுறை நான் உடனிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பொறுமையிழந்து, கன்று எங்கே என்று கேட்டார். பெரியவர், “ஏனுங்க தம்பி, மொதல்ல காட்டப் பாருங்க, கன்னு எங்க போயிறப் போகுது?” என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கொழுக்கட்டைப் புல்லின் தூரை விரல்களால் விலக்கிக் காட்டினார். அடியில் சென்ற ஆண்டின் காய்ந்த தாள்; அதற்குள்ளிருந்து புதிய பச்சைக் குருத்து. மாடு இந்தத் தூரை வேரோடு பிடுங்கும் அளவுக்கு மேயவிடக் கூடாது, அதற்குள் அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட வேண்டும், மாடு மேய்ந்த பிறகுதான் ஆட்டை விட வேண்டும் என்று வரிசையாக விளக்கினார். இந்தத் தூர் கெட்டால் அடுத்த ஆண்டு கன்று இளைக்கும், அதற்கடுத்த ஆண்டு கன்றே இருக்காது என்றார். நான் கல்லூரியில் படித்த மேய்ச்சல் நில மேலாண்மை முழுவதும் அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. கன்றைப் பார்க்க வந்த இளைஞர் அன்று புல்லைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினார்.

அந்தப் புல்லில் வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. பிறக்கும்போது கன்று செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் நிறம் மாறும். காளைக்குக் கழுத்திலும் திமிலிலும் தொடையிலும் கருமை ஏறும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறம் பார்த்து அழைப்போம். பரம்பரைத் தலைவர்களான பழையகோட்டைப் பட்டக்காரர்கள் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததையும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவோடு கூடும் மாட்டுச் சந்தையையும் நீங்கள் அறிவீர்கள்.

ஒரு காலத்தில் இந்த எருதுகளின் முதன்மையான வேலை கவலை இறைப்பது, அதாவது கிணற்றுத் தண்ணீரை இழுத்துப் பாய்ச்சுவது. ஆழக் கிணற்றிலிருந்து சால் என்னும் பெரிய ஏற்றக்கலம் நிறையத் தண்ணீரை மேலே கொண்டுவரச் சரிவில் இறங்கி இழுக்க வேண்டும். ஓட்டுகிறவர் இழுக்கும் வடக் கயிற்றின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். பிறகு அந்த எருதுகள் திரும்பாமல், பின்னோக்கியே மேட்டில் ஏற வேண்டும். காலை முழுவதும் இப்படி முன்னும் பின்னும் நடக்கிற கால்களுக்குச் சரளை நிலத்தில் மேய்ந்து இறுகிய குளம்பு வேண்டும். 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், கோவைப் பகுதிக் கிணறுகளில் படிப்படியாக மோட்டார் வந்தது, கவலை நின்றது. நாளொன்றுக்கு 2, 3 லிட்டர் பால் கறக்கும் காங்கயம் பசுவின் இடத்தில் கலப்பினப் பசு வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் எட்டிய இடங்களில் மேய்ச்சல் காடு தோட்டமாயிற்று. இவற்றையெல்லாம் நான் குறை கூறவில்லை. குடும்பங்கள் பிழைக்க வேண்டும். இன்று நடப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வேலியைத் தள்ளி, வெள்வேலத்தை வெட்டி, கல் நட்டு மனையாக்குகிறார்கள். விற்காமல் கைவிட்ட காடுகளில் சீமைக் கருவேலம் புகுந்து புல்லை அழிக்கிறது.

2017-ஆம் ஆண்டு சல்லிக்கட்டுக்காக எழுந்த போராட்டத்துக்குப் பின் நாட்டு மாட்டின்மேல் அன்பு பெருகியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் காளையை வாங்கிக் கொட்டகையில் கட்டித் தவிடும் பிண்ணாக்கும் வைப்பவர்கள் இருக்கிறார்களே தவிர, அந்தக் காளை மேய்ந்த காட்டைக் கேட்பவர்கள் குறைவு. வெள்ளகோவில் பெரியவர் சொன்னதையே நானும் சொல்கிறேன்: முதலில் காடு, பிறகு கன்று.

நம் நோன்பிகளும், அதாவது பண்டிகைகளும், இந்த நிலத்தில்தான் வேரூன்றியிருக்கின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் தோட்டக்கடையில் விளைவதில்லை. காட்டோரத்தில் பறித்து வருகிறோம். பட்டிப் பொங்கலன்று சாணத்தால் சிறு தெப்பக்குளம் கட்டி, அதில் நீர் ஊற்றிப் பூவிட்டு, மாட்டை மிதித்துக் கடக்கவிடுகிறோம். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வைத்து வழிபடுகிறார்கள். அங்கே பழக்கிய எருதோடு ஆடும் சலகெருது ஆட்டமும் உண்டு. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

பழுதுபட்ட கொறங்காட்டை மீட்பது பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கிக்கொள்கிறேன். கொழுக்கட்டைப் புல் விதையைச் சேகரித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் வைத்திருந்து, மழையை ஒட்டித் தூவுங்கள். புல் தூர் கட்டும்வரை மேயவிட வேண்டாம். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள்; வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். போத்துக்கு அக்கம்பக்கத்து வேலியே போதும், விலை கொடுக்க வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.