கப்பல் நாளை மறுநாள், ஊரெல்லாம் வெள்ளம்: ரூமை எங்க தேடணும்? ராயபுரத்துல இருந்து சொல்றேன்

(காட்சி: ராஜாஜி சாலை, பின்னால துறைமுகத்துக் கிரேன்கள். காலை நேரம்.)

நாளை மறுநாள் மதியம் சிங்கப்பூர்ல இருந்து சுற்றுலாக் கப்பல். நாலு பேருக்குக் கேபின் போட்டாச்சு, பணமும் முழுசா கட்டியாச்சு. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கரன்ட் இல்ல. ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. போன்ல சார்ஜ் 11 சதவீதம். இப்போ உங்களுக்கு இன்னிக்கு ராத்திரிக்கு ஒரு ரூம் வேணும். எங்க தேடுவீங்க?

"ஏர்போர்ட் பக்கத்துல"ன்னு மனசு சொல்லும். எங்க மாமாவும் அதைத்தான் செஞ்சாரு. அதுல என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, வணக்கம் மக்களே. ராயபுரத்துல பிறந்து வளர்ந்தவன் நான். இந்த வீடியோவை முழுசா பாருங்க, ஏன்னா நடுவுல சொல்லப் போற கூண்டு விஷயம் சென்னையில இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது.

(காட்சி: 2023 டிசம்பர் மழை. தெருவுல படகு.)

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். என் அக்கா வீடு தண்டையார்பேட்டை. அக்கா, மாமா, ரெண்டு பசங்க. சிங்கப்பூர் போய் அங்கிருந்து 6-ஆம் தேதி கப்பல் ஏறணும். விமானம் 4-ஆம் தேதி ராத்திரி. ரெண்டு வருஷமா சீட்டு கட்டிச் சேத்த பணம்.

அன்னிக்குக் காலையில ஓடுபாதையில தண்ணி நின்னு சென்னை விமான நிலையத்தை மூடினாங்க. மறுநாள் காலை 9 மணி வரைக்கும் மூடல். மாமா பதறிப் போய் செயலியில ரெண்டு ரூம் போட்டாரு. ஒண்ணு ஏர்போர்ட் பக்கம், ஒண்ணு மண்ணடியில ஒரு சின்ன லாட்ஜ். ஏர்போர்ட் பக்கம் இருந்த ஹோட்டலுக்குப் பணம் போயிடுச்சு, ரூமும் உறுதின்னு வந்துடுச்சு. போன் பண்ணினா, "சார், பேஸ்மென்ட்ல தண்ணி. ஜெனரேட்டர் அங்கதான் இருக்கு. நாங்களே இருக்கிறவங்களை வேற இடத்துக்கு அனுப்பிட்டு இருக்கோம்"ங்கிறாங்க. செயலிக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு ரூமை வித்துக்கிட்டே இருந்துச்சு.

வெள்ளத்துக்கு அப்புறம் ரூம் ஏன் கிடைக்கலன்னா, கேக்கிற கூட்டம் ஏறினதால மட்டும் இல்ல. இருந்த ரூம்லயும் ஒரு பங்கு காணாமப் போயிடுது. தரைத்தளம் போச்சு, லிஃப்ட் குழியில தண்ணி, சம்ப்புல, அதாவது தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டியில, சாக்கடை கலந்துடுச்சுன்னா மேல இருக்கிற அத்தனை மாடியும் வீண். அதே நேரத்துல வெளியூர்ல இருந்து மின்வாரிய ஆளுங்க, பத்திரிகைக்காரங்க, விமானம் ரத்தானவங்க, வீடு முழுகினவங்க எல்லாரும் மிச்சம் இருக்கிற ரூமுக்கு வர்றாங்க.

அதனால போன் பண்ணும்போது "ரூம் இருக்கா"ன்னு முதல்ல கேக்காதீங்க. "அண்ணே, ஜெனரேட்டர் கீழயா, தரைக்கு மேலயா? தண்ணி மோட்டார் அதுல ஓடுதா? சம்ப்பு சுத்தமா இருக்கா?" இதைக் கேளுங்க. இதுக்குத் தயங்காம பதில் சொல்ற லாட்ஜ்ல கண்ணை மூடிட்டுப் போய்த் தங்கலாம். அஞ்சு நட்சத்திரமா, அரை நட்சத்திரமாங்கிறது அன்னிக்கு ராத்திரிக்கு முக்கியமே இல்ல. இன்னொண்ணு, கையில நோட்டு வச்சுக்கோங்க. டவர் போனா ஜிபேவும் போயிடும்.

(காட்சி: மெட்ரோ வரைபடம், நீல வழித்தடம்.)

இப்போ இடம். கப்பலுக்குப் பக்கத்துல தேடாதீங்க, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயும் தேடாதீங்க. ஓடுற வண்டிக்குப் பக்கத்துல தேடுங்க.

நம்ம நீல வழித்தடம் ஏர்போர்ட்ல ஆரம்பிச்சு விம்கோ நகர் வரைக்கும் வருது. 2021 பிப்ரவரியிலதான் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்க நீட்டினாங்க. உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் ஒரே கோடு. மிக்ஜாம் அன்னிக்கும் மெட்ரோ ஓடிச்சு. பரங்கிமலை ஸ்டேஷன் வாசல்ல நாலடித் தண்ணி நின்னதால ஆலந்தூர் போய் ஏறுங்கன்னு சொன்னாங்க, ஆனா வண்டி ஓடிச்சு. ரயில்ல வந்திருந்தா அந்தக் கொடுப்பினை இல்ல. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவுல 14-ஆம் நம்பர் பாலம்னு ஒண்ணு இருக்கு. அதுல தண்ணி ஏறினா சென்ட்ரல் வர்ற வண்டியெல்லாம் ஊருக்கு வெளியவே நின்னுடும். அன்னிக்கும் அதான் நடந்துச்சு.

ஏர்போர்ட்டை ஒட்டியே ரூம் போடணும்னு இன்னும் பிடிவாதமா இருக்கிறவங்களுக்கு 2015-ஐ ஞாபகப்படுத்துறேன். அந்த டிசம்பர்ல மீனம்பாக்கம் நாள் கணக்குல மூடிக் கிடந்தப்போ, பயணிகள் விமானத்தை அரக்கோணம் கடற்படைத் தளத்துல இருந்து ஓட்டினாங்க. ஏர்போர்ட்டே அரக்கோணம் போயிடுச்சு மக்களே! பல்லாவரத்துல ரூம் போட்டவங்க என்ன பண்ணியிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.

சென்ட்ரல், எழும்பூர்ல ரயில்வே ஓய்வறை இருக்கு. உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்து பிஎன்ஆர் நம்பர் குடுத்தா ஐஆர்சிடிசி மூலமாவே போடலாம். இதை எல்லாரும் மறந்துடுறாங்க.

(காட்சி: காசிமேடு. வலை காயுது.)

சரி, கூண்டு. இதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன்.

"சென்னை துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்"னு செய்தியில வாசிப்பாங்க இல்லையா, அந்தக் கூண்டு வெறும் வார்த்தை இல்ல. கூம்பு மாதிரி, உருளை மாதிரி செஞ்ச கூடுகளை நிஜமாவே கம்பத்துல ஏத்துவாங்க. ராத்திரியில அதுக்குப் பதிலா சிவப்பும் வெள்ளையுமா விளக்கு. ரேடியோ இல்லாத காலத்துல கடல்ல இருக்கிறவன் தூரத்துல இருந்தே படிச்சுக்கிட்ட எழுத்து அது. எங்க தாத்தா செய்தியே கேக்க மாட்டாரு. தெருமுனையில நின்னு யாராச்சும் "கூண்டு எத்தனை?"ன்னு கேட்டா, நம்பரை வச்சே வலையை எடுக்கணுமா, படகைக் கரையில ஏத்தணுமான்னு முடிவு பண்ணிடுவாரு.

மொத்தம் 11 எண். 1, 2 ரெண்டும் தொலைவுல, நடுக்கடல்ல ஏதோ உருவாகியிருக்குன்னு அர்த்தம். 3, 4 வந்தா துறைமுகத்துக்கே மோசமான வானிலை வருது. 5, 6, 7 அபாயம். இங்கதான் அழகு: இந்த மூணுல எந்த நம்பரா இருந்தாலும் புயலோட பலம் ஒண்ணுதான், எந்தப் பக்கமா கரையைக் கடக்குதுங்கிறதுதான் வித்தியாசம். துறைமுகத்துக்கு ஒரு பக்கமா போனா 5, மறுபக்கமா போனா 6, துறைமுகத்து மேலயே வந்தா 7. 8, 9, 10-உம் அதே கணக்குதான், ஆனா கடும் புயல். 11-ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, இனி உன் புத்திதான் உனக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு நம்பர்ல திசையையும் பலத்தையும் சேத்துச் சொன்னவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன்!

இதுக்கும் உங்க ரூமுக்கும் என்ன சம்பந்தம்? கூண்டு எண் ஏற ஏற துறைமுகம் கப்பலையெல்லாம் வெளிய போகச் சொல்லும். கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா புயல்ல கப்பலுக்குத் துறைமுகம் பாதுகாப்பு இல்ல. கட்டி வச்ச கப்பல் தளத்துச் சுவர்ல மோதிக்கிட்டே இருக்கும். ஆழ்கடல்ல எஞ்சின் ஓடிட்டு இருந்தா அது தப்பிச்சுடும். புயல் பெரும்பாலும் மணிக்கு 10-லேருந்து 20 கிலோமீட்டர் வேகத்துலதான் நகரும். சுற்றுலாக் கப்பல் 20 நாட், அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் ஓடும். புயலோட ஓட்டப்பந்தயம் வச்சா கப்பல்தான் ஜெயிக்கும். ஓட முடியாத கப்பல் என்ன ஆகும்னு 2012 அக்டோபர் 31 அன்னிக்கு நீலம் புயல்ல பாத்தோம். பிரதிபா காவேரின்னு ஒரு எண்ணெய்க் கப்பல், துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னது. நங்கூரம் பிடிக்கல. இழுத்துட்டுப் போய் பெசன்ட் நகர் கரையில தரைதட்டிச்சு. உயிர்காக்கும் படகுல இறங்கின மாலுமிகள் சிலர் கரை சேரவே இல்ல. மறுநாள் ஊரே அந்தக் கப்பலைப் பாக்கக் கூடிச்சு. எனக்கு அந்தப் பசங்க முகம் தெரியாது, ஆனா ஒவ்வொரு புயலுக்கும் அவங்க ஞாபகம் வருது.

அதனால கூண்டு 3-ஐத் தாண்டினா நீங்க புரிஞ்சுக்க வேண்டியது, உங்க கப்பல் சொன்ன நேரத்துக்குத் தளத்துக்கு வராது. ஒரு நாளோ அதுக்கு மேலயோ தள்ளலாம். கிளம்புற முன்னாடியும் சரி, வந்து இறங்கின பிறகும் சரி, பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ரூம் போடுங்க. நூறு இருநூறு கூடப் போனா போகட்டும்.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாத்தான் அதைப் புயல்னு சொல்லிப் பேர் வைப்பாங்க. மிக்ஜாம்ங்கிற பேரு மியான்மர் குடுத்தது. பல பாலிசியில, புயலுக்குப் பேர் வச்ச பிறகு வாங்கினா அந்தப் புயலால வர்ற நஷ்டத்துக்குக் காசு கிடையாது. தெரிஞ்ச ஆபத்துன்னு சொல்லிடுவாங்க. டிக்கெட் போட்ட அன்னிக்கே எடுத்துடுங்க.

(காட்சி: பழைய உலக வரைபடம், கப்பல் படங்கள்.)

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். ரூம் கிடைக்காத ஊருக்குக் கப்பலே ரூமா வந்திருக்கு. 2005-ல அமெரிக்காவுல காத்ரீனா சூறாவளி அடிச்சப்போ, அந்த அரசாங்கம் கார்னிவல் கம்பெனியோட மூணு சுற்றுலாக் கப்பலை ஆறு மாசத்துக்கு வாடகைக்கு எடுத்துச்சு. செலவு 23.6 கோடி டாலர். வீடு இழந்தவங்களும் நிவாரண வேலை செஞ்சவங்களும் அதுல தங்கினாங்க. 2010 ஏப்ரல்ல ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால ஐரோப்பா வானமே மூடினப்போ, செலிப்ரிட்டி எக்லிப்ஸ்னு புத்தம்புதுக் கப்பல். அதோட அறிமுக விழாவை விட்டுட்டு ஸ்பெயின்ல பில்பாவோ போய், மாட்டிக்கிட்டிருந்த சுமார் 2,000 பேரை இங்கிலாந்துக்கு ஏத்திட்டு வந்துச்சு. நம்ம ஊருக்கும் ஒரு நாள் இது வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மிக்ஜாம் அப்போ வடசென்னை எர்ணாவூர்ல வெள்ளத்தோட எண்ணெயும் வீட்டுக்குள்ள வந்து நின்ன நாள்ல, கண்ணுக்கு எட்டுற தூரத்துல துறைமுகம் இருந்துச்சே.

அக்கா கதைக்கு வர்றேன். மண்ணடி லாட்ஜ்ல மூணாவது மாடி ரூம். ஜெனரேட்டர் தரைக்கு மேல, மேடை கட்டி வச்சிருந்தாங்க. போய்ச் சேந்ததும் அக்கா செஞ்ச முதல் வேலை சிங்கப்பூர் ஹோட்டலுக்குப் போன் போட்டது. இதைக் கவனமா கேளுங்க. முதல் ராத்திரி நீங்க போகலன்னா, வராதவங்கன்னு குறிச்சு மொத்தப் பதிவையும் ரத்து பண்ற ஹோட்டல் நிறைய இருக்கு. ரெண்டாவது ராத்திரி போய் நின்னா ரூம் இருக்காது. "புயல், விமானம் ரத்து, நாளைக்குத்தான் வருவோம், பதிவை விட்டுடாதீங்க"ன்னு ஒரு போன், ஒரு மெயில். போதும்.

விமானக் கம்பெனிகிட்ட, வானிலையால ரத்தானா நஷ்டஈடு எதிர்பாக்காதீங்க. ஆனா பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், இல்ல வேற விமானம் கேக்கலாம். மாமா வேற விமானம் கேட்டாரு. 5-ஆம் தேதி ராத்திரி கிடைச்சுது. மண்ணடியில மெட்ரோ ஏறி ஏர்போர்ட்ல இறங்கினாங்க. 6-ஆம் தேதி விடிகாலை சிங்கப்பூர், மதியம் கப்பல். அங்க மரினா பே, ஹார்பர்ஃப்ரன்ட்னு ரெண்டு கப்பல் நிலையம் இருக்கு, டிக்கெட்ல எதுன்னு பாத்துட்டு டாக்ஸி ஏறுங்க.

(காட்சி: லாட்ஜ் படிக்கட்டு, இரவு.)

ஒண்ணு பாக்கி இருக்கு. பசங்களுக்குன்னு மாமா அந்த லாட்ஜ்லயே ரெண்டாவது ரூமும் சொல்லி வச்சிருந்தாரு. "இருக்கட்டும், எதுக்கும்"னு. ராத்திரி எட்டு மணிக்கு அக்கா தண்ணி வாங்கக் கீழ இறங்கினப்போ, புளியந்தோப்புல இருந்து ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து நின்னுட்டு இருந்துச்சு. கூட அதோட மாமியார். மேனேஜர், "இல்லம்மா, எல்லாம் போயிடுச்சு, ஒண்ணுகூட இல்லம்மா"ன்னு கையை விரிக்கிறாரு. அந்த ஒண்ணு யார் பேர்ல பூட்டிக் கிடக்குன்னு அக்காவுக்குத் தெரியும். "அண்ணே, எங்க ரெண்டாவது ரூமை இவங்களுக்குக் குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு, மேல போய் நாலு பேரும் ஒரே ரூம்ல படுத்தாங்க.

ரெண்டு மூணு இடத்துல போட்டு வச்சிருக்கிறவங்களைக் கையெடுத்துக் கேக்கிறேன். ஒரு ரூம் உறுதியான அடுத்த நிமிஷம் மத்ததை ரத்து பண்ணுங்க. காலையில பண்ணிக்கலாம்னு விடாதீங்க. கப்பலுக்குப் போறவங்களுக்கு அது ஒரு ராத்திரி. தெருவுல குழந்தையோட நிக்கிறவங்களுக்கும் அதே ராத்திரிதான்.

பாரிமுனை, மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் லாட்ஜ் நடத்துறவங்க, அங்க வேலை செய்றவங்க, தங்கிப் பாத்தவங்க யாராச்சும் இதைப் பாத்துட்டு இருந்தா, ஜெனரேட்டர் எந்த உயரத்துல இருக்கு, 2015-லயும் 2023-லயும் வாசல்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கீழ கமென்ட்ல போடுங்க. நேர்ல போய்ப் பாத்து, சரியா இருக்கிறதை மட்டும் ஒரு பட்டியலாக்கி மேல பின் பண்ணி வைக்கிறேன். அக்டோபர் கடைசிக்குள்ள முடிக்கணும், மழை வந்துடும்.