ஹால்ப்ஷ்டாட்டில் தங்கிவிட்டவர்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது, உங்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்காத ஒரு பையனைப் பற்றி. பையன் என்றுதான் சொல்ல வருகிறது. காணாமல் போனபோது அவருக்கு வயது 24-ஐ ஒட்டி இருக்கும். பெயர் கிளேட்டன் கிராட்ஸ். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பக்ஸ் கவுண்டி. அங்கே ஒரு மென்னோனைட் விவசாயக் குடும்பத்தில் 1896-ல் பிறந்தவர். 1920-ன் கடைசியில், இப்போது உக்ரைனில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

முதலில் மென்னோனைட்டுகள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தப் பையன் எதற்காக அங்கே போனான் என்பது புரியாது.

1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்த மனிதன் தானாக விரும்பிப் பெறுவதே ஞானஸ்நானம் என்றார்கள். அப்புறம், ஆயுதம் எடுக்க மாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம் என்பதும் சேர்ந்துகொண்டது. இதற்காகக் கத்தோலிக்க அரசுகளும் அவர்களைக் கொன்றன, புராட்டஸ்டன்ட் அரசுகளும் கொன்றன. 1536-ல் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு தன் பதவியை விட்டு இவர்களோடு வந்து சேர்ந்தார். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் மென்னோனைட் என்ற பெயர்.

இவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கதை என்கிறேனே தவிர, நடந்த சம்பவம். நெதர்லாந்தில் ஆஸ்பரென் என்ற ஊர், 1569. டிர்க் வில்லெம்ஸ் என்பவரை மறு ஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காகச் சிறையில் அடைத்திருந்தார்கள். துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, ஜன்னல் வழியாக இறங்கித் தப்பித்தார். குளத்தில் பனி உறைந்திருந்தது. சிறைச் சோற்றில் உடம்பு மெலிந்திருந்ததால் அந்தப் பனி அவரைத் தாங்கியது. துரத்தி வந்த காவலாளியைத் தாங்கவில்லை. பனி உடைந்து அவன் தண்ணீருக்குள் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். தூக்கிவிட்ட இடத்திலேயே பிடிபட்டார். அந்த ஆண்டு மே மாதம் அவரை உயிரோடு எரித்தார்கள். காற்று தீயை விலக்கிக்கொண்டே இருந்ததால் உயிர் போக வெகுநேரம் ஆயிற்று.

நம் வீடுகளில் ராமாயணம் எப்படிக் காதில் விழுந்துகொண்டே இருக்குமோ, அப்படி இந்தச் சம்பவம் காதில் விழுந்து வளரும் சமூகம் அது. யாரையும் போய்க் கேட்காமலேயே குழந்தைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்: விழுந்தவன் எதிரியானாலும் திரும்பி வர வேண்டும்.

துன்புறுத்தலுக்குத் தப்பி இவர்கள் இரண்டு திசையாகப் பிரிந்தார்கள். சுவிஸ், தென் ஜெர்மானியக் கிளை பெருமளவு பென்சில்வேனியாவுக்குப் போனது. கிராட்ஸ் பிறந்த பக்ஸ் கவுண்டி மென்னோனைட்டுகள் அந்தக் கிளை. டச்சுக் கிளை பிரஷ்யாவுக்குப் போய், அங்கிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரின் கூப்பிட்டதன் பேரில் இன்றைய தெற்கு உக்ரைனின் புல்வெளிக்கு வந்தது. 1789-ல் கோர்த்திட்சா, 1804-ல் மொலோச்னா ஆற்றோரம் இன்னொரு குடியிருப்பு. வெறும் புல் முளைத்த நிலத்தைக் கோதுமை வயலாக்கினார்கள். மொலோச்னாவில் மட்டும் ஏறத்தாழ 60 கிராமங்கள். அதன் முக்கிய ஊர் ஹால்ப்ஷ்டாட்.

இதில் நமக்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த ரஷ்ய மென்னோனைட் விவசாயிகள் கொடுத்த பணத்தில்தான் ஆபிரகாம் ஃபிரீசன் என்பவர் தெலுங்கு நாட்டுக்கு ஊழியம் செய்ய வந்தார், நல்கொண்டா பக்கம். அமெரிக்கக் கிளை 1897-ல் நம் நாட்டுப் பஞ்சத்துக்காக இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் என்ற ஊரில் ஒரு நிவாரணக் குழு அமைத்தது. எல்க்ஹார்ட் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சரி, கிராட்ஸின் காலத்துக்கு வருவோம். 1917-ல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. ஆயுதம் எடுக்க மாட்டோம் என்றவர்களுக்கு மிகக் கெட்ட காலம். ஊர்க்காரர்கள் இவர்களைக் கோழைகள் என்றார்கள். சில இடங்களில் இவர்களுடைய ஜெபவீடுகளுக்கு மஞ்சள் பெயின்ட் பூசினார்கள். நமக்கு மஞ்சள் மங்கலம், அவர்களுக்கு அது கோழையின் நிறம். மென்னோனைட்டுகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லத்தக்க ஹட்டரைட் சபையில், ஜோசப் ஹோஃபர், மைக்கேல் ஹோஃபர் என்ற இரண்டு இளம் விவசாயிகள் ராணுவச் சீருடை அணிய மறுத்தார்கள். அல்கட்ராஸ் சிறையின் இருட்டறையில் கிடந்து, பிறகு லெவன்வொர்த் சிறையில் 1918 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமாக அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். போர் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜோசப்பின் உடலுக்கு, உயிரோடு இருந்தபோது அவர் தொட மறுத்த அதே சீருடையை மாட்டி வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் கிராட்ஸ் இண்டியானாவில் கோஷன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கோழை என்ற சொல் அந்தத் தலைமுறை மென்னோனைட் இளைஞர்களை எவ்வளவு அறுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடிந்ததும் அவர்களில் பலர் பிரான்சுக்குப் போய், பீரங்கி தரைமட்டமாக்கிய கிராமங்களில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கொல்ல மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டில் இருக்க அவர்களுக்கு முடியவில்லை.

இந்தப் பக்கம் ரஷ்யாவில் நிலைமை இதைவிட மோசம். புரட்சி, உள்நாட்டுப் போர். போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படை, போல்ஷெவிக்குகளின் செம்படை, எந்த அரசும் வேண்டாம் என்ற நெஸ்டர் மாக்னோவின் படை மூன்றும் மாறி மாறி அந்தக் கிராமங்கள் வழியே போயின. 1919 இலையுதிர் காலத்தில் மாக்னோவின் ஆட்கள் ஐகன்ஃபெல்ட் என்ற கிராமத்தில் ஒரே இரவில் எண்பது பேர் அளவில் கொன்றார்கள். பின்னாலேயே டைஃபஸ் காய்ச்சல் வந்தது. வந்த படை ஒவ்வொன்றும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனது. குதிரை போனால் ஏர் போச்சு. ஏர் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மாக்னோவுக்குப் பயந்து மொலோச்னா மென்னோனைட் இளைஞர்கள் சிலர் தற்காப்புப் படை கட்டித் துப்பாக்கி எடுத்தார்கள். நாலு நூற்றாண்டு விரதம் அங்கே உடைந்தது. அது தவறு என்று பிறகு அவர்களில் பலரே சொன்னார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கதவுக்கு வெளியே குதிரைச் சத்தம் கேட்கும் வீட்டில் நான் இருந்ததில்லை.

1920-ல் அங்கிருந்து ஒரு தூதுக்குழு அமெரிக்காவுக்கு வந்து நிலைமையைச் சொன்னது. அமெரிக்காவில் மென்னோனைட்டுகள் பல சபைகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று அதிகம் பேசாமல் இருந்த காலம். எல்லோரும் அந்த ஜூலை மாதம் எல்க்ஹார்ட்டில் கூடினார்கள். மென்னோனைட் மத்தியக் குழு என்று இன்றும் உலகம் முழுக்க வேலை செய்யும் அமைப்பு அங்கேதான் உருவானது. முதல் காரியமாக மூன்று பேரை அனுப்புவது என்று முடிவு. ஓரி மில்லர், ஆர்தர் ஸ்லேகல், மூன்றாவது கிராட்ஸ். கல்லூரிப் படிப்பு முடியப் பாக்கி இருந்தது, அதை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்.

செப்டம்பர் முதல் தேதி கப்பல். மாதக் கடைசியில் கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். ஸ்லேகல் அங்கே தங்கிக்கொள்ள, மில்லரும் கிராட்ஸும் கருங்கடலைத் தாண்டி, வெள்ளைப்படைத் தளபதி ரேங்கலின் பிடியில் இருந்த கிரிமியா வழியாக ஹால்ப்ஷ்டாட் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரிந்திருந்த இரண்டு கிளைகள். வீட்டுப் பேச்சு கூட வேறு வேறு ஜெர்மன் வழக்கு. ஆனாலும் மேஜையில் உட்கார்ந்து ஜெபம் செய்யும்போது ஒரே குடும்பம்.

எதெது தேவை என்று இருவரும் கணக்கெடுத்தார்கள். பிறகு மில்லர் பொருள்களைக் கொண்டுவரக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பினார். பொருள் வரும்போது முறையாகப் பகிர்ந்து கொடுக்க, ஏற்பாடுகளைக் கவனிக்க, கிராட்ஸ் ஹால்ப்ஷ்டாட்டிலேயே இருப்பது என்று பேச்சு. மில்லருக்கே அப்போது வயது 28. இரண்டு இளைஞர்கள் எடுத்த முடிவு அது. பெரியவர்கள் யாராவது கூட இருந்திருக்கலாமே என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

போர்முனை சரிந்தது. செம்படை நெருங்கி வந்தது. கிளம்பிவிடு என்று சுற்றி இருந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள். போக வழி இருந்தது: தெற்கே கிரிமியா, அங்கிருந்து கப்பல். அந்த நவம்பரில் ரேங்கலின் ஆட்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் கடல் தாண்டிப் போனார்கள். கிராட்ஸ் போகவில்லை. செம்படை ஊருக்குள் வந்தது. அவரைக் கைது செய்து கொண்டுபோனது. உதவிப் பொருள்கள் ஹால்ப்ஷ்டாட்டைச் சேர வழியில்லாமல் போயிற்று.

அவர் ஏன் போகவில்லை? அமெரிக்கக் குடிமகன், ஆயுதமில்லாதவன், உதவ வந்தவன், தன்னை என்ன செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்திருக்கலாம். இளவயதுக்கு அது இயல்புதான். இவரைத் தியாகி என்பவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இவர் முதலில் விவசாயியாகத்தான் தெரிகிறார். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது மடையைத் திறந்தபடி விட்டுவிட்டு எந்த விவசாயியும் வீட்டுக்குப் போக மாட்டான். மழை வரட்டும், இருட்டட்டும், மடை மாற்றிவிட்டுத்தான் போவான். அந்தச் சுபாவம் பிறந்த மண்ணில் வருவது. பண்ணை கொடுத்ததா, பக்தி கொடுத்ததா என்று இவரிடம் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. டிர்க் வில்லெம்ஸாவது திரும்பி வந்தார். இவர் கிளம்பவே இல்லை.

கூட இருந்தவர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். 1921-ல் ஆல்வின் மில்லர் என்பவர் மாஸ்கோவில் சோவியத் அரசோடு நிவாரண ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர் வழியாகவும் கேட்டுப் பார்த்தார்கள். சரியான பதில் வரவே இல்லை. பென்சில்வேனியாவில் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு சாவுச் செய்தி வந்தால் அழுதுவிட்டு மீதி வாழ்க்கையைப் பார்க்கலாம். அதுவும் வரவில்லை. ஓரி மில்லர் வேறெங்கும் போகாமல் அந்த அமைப்பிலேயே இருந்தார். 1935-லிருந்து 1958 வரை அதன் நிர்வாகச் செயலாளர். 1977-ல்தான் காலமானார். ஹால்ப்ஷ்டாட்டில் ஒருவரை விட்டுவிட்டு வந்த மனிதர், அதற்கப்புறம் எத்தனை இளைஞர்களை எத்தனை நாடுகளுக்கு வழியனுப்பியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த முகம் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

1921-ல் மழை பொய்த்தது. படைகளுக்குத் தப்பிய தானியத்தையும் அரசு பறிமுதல் செய்திருந்தது. விதைத் தானியத்தையும் தின்றுவிட்ட வீடுகள். கிராட்ஸ் கணக்கெடுக்கப் போன பசி, பெரும் பஞ்சமாக வந்து நின்றது. 1922 மார்ச்சில் அந்த மென்னோனைட் குழு அங்கே சமையற்கூடங்களைத் திறந்தது. சில மாதங்களில் தினமும் 25,000 பேருக்கு மேல் அங்கே சாப்பிட்டார்கள். ரொட்டி, பீன்ஸ், கோகோ என்று எளிமையான சாப்பாடுதான். கான்ஸ்டாண்டிநோபிளில் காத்திருந்த ஆர்தர் ஸ்லேகலும் அந்த வேலைக்கு உக்ரைனுக்குள் போனார்.

சோறு போட்டால் மட்டும் போதாது, உழவேண்டுமே. குதிரை இல்லை. பணம் திரட்டி அமெரிக்காவிலிருந்து 50 ஃபோர்ட்சன் டிராக்டர்களையும் கலப்பைகளையும் கப்பலேற்றினார்கள். 1922 ஜூலையில் முதல் 25 ஒடெஸா துறைமுகத்தில் வந்து இறங்கின. அவற்றில் சில மொலோச்னா வயல்களுக்குப் போயின. களை மண்டிக் கிடந்த நிலம் மறுபடி புரண்டது. கிளேட்டன் கிராட்ஸ் இருந்திருந்தால் அந்த ஜூலையில் அவருக்கு 25 வயது. குதிரை ஏர் காலத்துப் பண்ணையில் வளர்ந்தவர். டிராக்டர் ஓட்ட அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னமோ, உழத் தெரிந்திருக்கும்.