குளோரின் இல்லாத குளோரோபில்

வணக்கம். மேசையில் இருப்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் பிளீச்சிங் பவுடர் பொட்டலம், மழைவெள்ளம் வடிந்ததும் கிணற்றிலும் தெருவோரத்திலும் போடுவார்களே, அதுதான். அந்தப் பக்கம் ஒரு கொத்து முருங்கைக் கீரை. இரண்டையும் சேர்த்து வைக்கக் காரணம் குளோர் என்கிற ஓர் அசை. பொட்டலத்தைத் திறந்தால் மூக்கைப் பிடித்து இழுக்கும் நெடி குளோரின். கீரையின் பச்சை நிறம் குளோரோபில். அப்படியானால் கீரையிலும் குளோரின் இருக்கிறதா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளோரோபில் மூலக்கூறில் குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், நட்டநடுவில் ஒரு மெக்னீசியம். அவ்வளவுதான்.

பிறகு ஏன் ஒரே பெயர்? இரண்டுக்கும் பாட்டி ஒருத்தி: குளோரோஸ் என்கிற கிரேக்கச் சொல். வெளிர்பச்சை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

வாயுவின் கதை இது. 1774-இல் ஸ்வீடனில் ஷீலே என்கிற மருந்தாளுநர் மாங்கனீசுத் தாதுவின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். மஞ்சளும் பச்சையும் கலந்த, மூச்சை அடைக்கிற ஒரு வாயு எழுந்தது. அது தனிமம் என்று அவருக்குத் தெரியாது. அதில் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது என்றே அதற்குப் பிறகும் பலர் நம்பினார்கள். எவ்வளவு முயன்றும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க முடியாததால், 1810-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி இது தனிமம்தான் என்று அறிவித்து, குளோரின் என்று பெயர் வைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நாளைக்கே இது கூட்டுப்பொருள் என்று யாராவது நிரூபித்தாலும், நிறத்தை வைத்துச் சூட்டிய பெயர் பொய்யாகாது. முன்ஜாக்கிரதைக்காரர்!

ஏழு ஆண்டுகள் கழித்து, 1817-இல் பாரிஸில் பெல்லத்தியே, கவான்டூ என்கிற இரண்டு மருந்தாளுநர்கள் இலைப்பச்சையைப் பிரித்தெடுத்தார்கள். குளோரோஸ் என்றால் பச்சை, பில்லோன் என்றால் இலை. குளோரோபில். டேவியின் வாயுவுக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. நம் பாடநூல்கள் பச்சையம் என்று சொல்வதுதான் இந்தக் குழப்பத்துக்கே இடம் கொடுக்காத பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இதே இருவர்தான் 1820-இல் சின்கோனாப் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொய்னாவைப் பிரித்தவர்கள். 1934-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யப்பட்ட மலேரியா மருந்தின் பெயர் குளோரோகுயின். அதில் குளோர் வருவது குளோரின் அணு உண்மையிலேயே உள்ளே இருப்பதால். குளோரோபார்மிலும் குளோரின் உண்டு, டைபாய்டுக்குக் கொடுத்த குளோராம்பெனிகாலிலும் உண்டு, வயலில் அடிக்கிற குளோர்பைரிபாஸிலும் உண்டு. பச்சையம் தங்கியிருக்கும் குளோரோபிளாஸ்டிலோ, குளோரெல்லா என்கிற பாசியின் பெயரிலோ நிறம் மட்டும்தான். மருந்து, ரசாயனம் என்றால் பெரும்பாலும் தனிமம். செடி, பாசி, பாறை என்றால் பெரும்பாலும் நிறம். இதையும் விதியாக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். குளோரைட் என்று ஒரு பச்சைக் கனிமம் உண்டு, அதில் குளோரின் கிடையாது. குளோரைட் என்றே ஓர் உப்புக் குடும்பமும் உண்டு, அதில் குளோரின் உண்டு.

வெளிர்பச்சை என்று வைத்துக்கொள்வோம் என்றேன் அல்லவா? அந்தச் சொல் அதற்குள் அடங்காது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் தேனைக் குளோரோஸ் என்கிறார், பயத்தையும் குளோரோஸ் என்கிறார். கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில், மாற்கு சுவிசேஷத்தில் மக்கள் உட்காரும் புல்லுக்கும் வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணம் ஏறிவரும் குதிரைக்கும் இந்த ஒரே அடைமொழிதான். தமிழ் வேதாகமம் முதலாவதைப் பசும்புல் என்றும் இரண்டாவதை மங்கின நிறமுள்ள குதிரை என்றும் பெயர்த்திருக்கிறது. பசுமையும் சரி, இரத்தம் வடிந்த வெளிறலும் சரி, கிரேக்கனுக்கு ஒரே சொல். புதியது, ஈரம் காயாதது என்றும் அதற்குப் பொருள் உண்டு. பச்சைத் தண்ணீர், பச்சைப்பிள்ளை என்று சொல்கிற நமக்கு இது விளங்காமல் போகாது.

அந்த வெளிறல்தான் நம்மை மருத்துவத்துக்குக் கொண்டுவருகிறது. குளோரோசிஸ் என்று ஒரு நோய் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் பேசப்பட்டது. இளம்பெண்கள் களைத்துப்போவார்கள், படியேறினால் மூச்சு வாங்கும், முகம் பச்சை படிந்தாற்போல வெளிறும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1554-இல் யோகான்னஸ் லாங்கே என்கிற ஜெர்மன் மருத்துவர் இதைக் கன்னியர் நோய் என்று வர்ணித்து, அந்தப் பெண்ணுக்குத் திருமணம் செய்து வையுங்கள், சரியாகிவிடும் என்று எழுதினார். நம் ஊரில் இந்த மருந்தை எழுதித்தர மருத்துவப் பட்டமே தேவையில்லை, பக்கத்து வீட்டு அத்தை போதும்.

நோயின் உண்மைப் பெயர் இரும்புக் குறைவால் வரும் இரத்தசோகை. 1832-இல் பிரான்சில் பியேர் பிளோ என்கிற மருத்துவர் இரும்புச் சல்பேட்டை உருட்டி மாத்திரையாகக் கொடுத்தார், பெண்கள் தேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளோரோசிஸ் என்கிற பெயர் மனித மருத்துவத்திலிருந்து மெல்லக் கழன்றுவிட்டது. ஆனால் செடிகளை விட்டுப் போகவில்லை.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். எங்கள் மதில் ஓரத்து இட்லிப்பூச் செடியின் துளிர் இலை. இலைப்பரப்பு எலுமிச்சை மஞ்சள், நரம்புகள் மட்டும் கரும்பச்சை. நரம்பு நரம்பாக எண்ணிவிடலாம். இதற்கும் பெயர் குளோரோசிஸ், தமிழில் பச்சையச் சோகை. மனிதருக்கு இரத்தசோகை, இலைக்குப் பச்சையச் சோகை. நம்மவர்கள் சோகையை இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணமும் பெரும்பாலும் அதே இரும்புதான். பச்சையத்துக்குள் இரும்பு இல்லை, ஆனால் அதைச் செய்துமுடிக்கச் செடிக்கு இரும்பு வேண்டும். சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிகிற மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது, வேர் உறிஞ்ச முடியாது. செடிக்குள் இரும்பு எளிதில் இடம் மாறாது என்பதால் முதலில் வெளுப்பது புதுத் துளிர். பழைய இலை முதலில் வெளுத்தால் மெக்னீசியத்தைச் சந்தேகியுங்கள்.

மருந்து இந்தக் குப்பியில் இருக்கிறது: அன்னபேதி. பளிங்குக் கற்கள் மாதிரி, வெளிர்பச்சையாக இருக்கிறது பாருங்கள். காற்றுப் பட்டு இந்த ஓரம் பழுப்பேறிவிட்டது, பழுப்பைப் பயன்படுத்தாதீர்கள். இதுதான் இரும்புச் சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலைமேல் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பாருங்கள், கருகவில்லை என்றால் மற்றதற்கும். அந்தச் சுண்ணாம்பு மண்ணில் கொட்டினால் வீண். சித்த வைத்தியத்தில் சோகைக்குத் தருகிற அன்னபேதிச் செந்தூரத்துக்கும் மூலப்பொருள் இதுவே, ஆனால் அதைச் சுத்தி செய்து, புடம் போட்டுத்தான் தருகிறார்கள். உரக்கடை அன்னபேதியை நாக்கில் வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பச்சை நிறத்தில் புட்டி புட்டியாகத் திரவக் குளோரோபில் விற்கிறார்கள். பச்சையமும் ஹீமோகுளோபினும் ஒரே அமைப்பு, குடித்தால் இரத்தம் ஊறும் என்று விளம்பரம். மெக்னீசியத்தைச் சுற்றிய வளையமும் இரும்பைச் சுற்றிய வளையமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது உண்மை. ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற வேலையை நம் உடம்பு செய்வதில்லை. போதாக்குறைக்கு, பல புட்டிகளில் இருப்பது மெக்னீசியத்தை எடுத்துவிட்டுச் செம்பை வைத்த, ‘குளோரோபிலின்’ என்கிற பொருள். சோகை என்று இரத்தப் பரிசோதனையில் வந்தால் மருத்துவர் எழுதித்தருகிற இரும்பு மாத்திரையைச் சாப்பிடுங்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதைத் தேநீரோடு மட்டும் விழுங்காதீர்கள், தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது.