முதுகில் தைத்த மூன்று துண்டுத் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

2009 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தில் கோமான்செரோஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவரும் அவருடைய ஆட்கள் சிலரும் ஏறியிருந்தார்கள். அதே விமானத்தில் அவர்களுடைய எதிரிகளான ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலின் சிட்னிக் கிளைத் தலைவர் ஒருவரும் இருந்தார். இரு தரப்பும் செல்பேசியில் ஆள் சேர்த்தன. இறங்கிய இடத்தில் தொடங்கிய கைகலப்பு, பெட்டிகளோடு மக்கள் வரிசையில் நிற்கும் கூடம் வரை வந்துவிட்டது. வரிசையை ஒழுங்குபடுத்த நாடா கட்டி நிறுத்தியிருப்பார்களே உலோகக் கம்பங்கள், அவற்றைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர் ஒருவரின் சகோதரர் பட்டப்பகலில், குழந்தை குட்டிகளோடு நின்றிருந்த பயணிகளின் கண்ணெதிரே அடித்துக் கொல்லப்பட்டார்.

ஆஸ்திரேலியாவில் இவர்களைப் ‘பைக்கி’ என்பார்கள். அந்த ஒரு பிற்பகலுக்குப் பிறகு அந்தச் சொல்லை அறியாதவர் நாட்டில் இல்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது அந்தக் கொலையைப் பற்றி அல்ல. கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரில் பிறந்த பெயரைச் சுமந்த ஒருவரும், அமெரிக்க மேற்குப் பகுதியின் பழங்கதையிலிருந்து பெயர் எடுத்த இன்னொருவரும், பசிபிக் பெருங்கடலுக்கு இந்தப் பக்கம் வந்து மோதிக்கொள்ளும் நிலை எப்படி உண்டானது என்பதைப் பற்றித்தான்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 ஜூலை நான்காம் தேதி விடுமுறையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தய விழா நடந்தது. ஊரின் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய ஈடான கூட்டம் வந்து சேர்ந்தது. குடித்துவிட்டுத் தெருவில் வண்டி ஓட்டினார்கள், பாட்டில்களை உடைத்தார்கள். ஐம்பது பேர் வரை கைதானார்கள். பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். ஆனால் ஒரு பெரிய படப் பத்திரிகையில், காலி பீர் பாட்டில்கள் சூழ வண்டிமேல் சாய்ந்திருக்கும் ஒரு பருத்த ஆளின் புகைப்படம் வந்தது. பாட்டில்களை அடுக்கிவைத்து எடுத்த படம் என்று அன்றே பேச்சு இருந்தது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் வண்டியும் கையுமாக அலைந்துகொண்டிருந்த காலம். பயந்தவர்களைவிட அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்கானவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது அறிக்கை விட்டதாக ஒரு கதை உண்டு. அப்படி எதுவும் சொன்னதாகத் தங்கள் பதிவுகளில் இல்லை என்கிறது அந்தச் சங்கம். சொன்னதோ இல்லையோ, ‘மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் நாங்கள்தான்’ என்று இவர்கள் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள். இன்றும் சட்டையில் வைர வடிவத்துக்குள் ஒரு சதவீதக் குறியைத் தைத்துக்கொள்கிறார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் 1948இல் அதே கலிபோர்னியாவின் ஃபான்டானா வட்டாரத்தில் தொடங்கியது. டெக்சாஸில் பாண்டிடோஸ் 1966இல் வந்தது.

இனி அந்தத் துணிக்கு வருகிறேன். இந்த விவகாரத்தின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. கையில்லாத தோல் சட்டையின் முதுகில் மூன்று துண்டுகள் இருக்கும். மேலே வளைவாகக் கும்பலின் பெயர். நடுவில் படம். கீழே இன்னொரு வளைவில் ஊர் அல்லது நாட்டின் பெயர். புதிதாகச் சேருபவனுக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. முதலில் சும்மா கூடவே சுற்றவேண்டும். பிறகு தகுதிகாண் உறுப்பினனாக எடுப்பார்கள்; வண்டி துடைப்பது, வாசல் காப்பது, நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடுவது எல்லாம் அவன் வேலை. பல கும்பல்களில் அந்தக் கட்டத்தில் கீழ் வளைவு மட்டும் கிடைக்கும். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கழித்து, கிளையில் ஒருவர்கூட மறுக்காமல் வாக்களித்தால்தான் முழுச் சின்னம். அப்போதும் அது அவன் சொத்து அல்ல, கும்பலின் சொத்து. விலகினால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

சண்டைகளில் பெரும்பகுதி அந்தக் கீழ் வளைவுக்காகத்தான். ‘இந்த ஊர் என்னுடையது’ என்ற பட்டா அது. 2015இல் டெக்சாஸின் வேகோ நகரத்து உணவகம் ஒன்றின் வாசலில் 9 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ‘டெக்சாஸ்’ என்ற பெயரைக் கீழ் வளைவில் தைத்துக்கொள்ள யாருக்கு உரிமை என்ற தகராறு அதன் பின்னணியில் இருந்தது. 170 பேருக்கு மேல் கைதானார்கள். கடைசியில் ஒருவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எல்லா வழக்குகளும் கைவிடப்பட்டன.

சின்னத்தைப் பாதுகாக்க இவர்கள் நீதிமன்றத்துக்கும் போவார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தன் பெயரையும் இறக்கை முளைத்த மண்டையோட்டையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. 2006இல் டிஸ்னி நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டது. சட்டத்தைத் துச்சமாக மதிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் வணிகச் சின்னச் சட்டத்துக்கு மட்டும் மரியாதை தருவதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க அரசும் இதைக் கவனித்தது. மங்கோல்ஸ் கும்பலின் சின்னத்தின் உரிமையையே பறித்துவிட முயன்றது. 2019இல் ஜூரிகள் சம்மதித்தும், அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிபதி மறுத்துவிட்டார்.

பெயர்பெற்ற ஓட்டல் ஒன்று வெளியூரில் கிளை திறக்கும்போது சமையல்காரர், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அனுப்பிவைப்பதில்லை. அங்கே ஏற்கெனவே கடை நடத்திக்கொண்டிருப்பவர் பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்கிறார். இந்தக் கும்பல்கள் பரவியதும் இப்படித்தான். கலிபோர்னியாவிலிருந்து ஆட்கள் படையெடுத்துப் போகவில்லை. உலகத்தின் பல நகரங்களில் உள்ளூர்க் கும்பல்கள் தயாராக இருந்தன. பெரிய பெயர் கிடைத்ததும் பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டன. 2000 டிசம்பர் கடைசியில் கனடாவின் கியூபெக் மாகாணத்துச் சொரெல் நகரில் இது மொத்தமாக நடந்தது. ஒண்டாரியோவின் பல கும்பல்களைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் தகுதிகாண் காலம்கூட இல்லாமல் ஒரே நாளில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆனார்கள். அதுவரை ஒண்டாரியோ மாகாணத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு கிளைகூட இல்லை. முன்பு சொன்ன எடுபிடி வேலை, ஒருமனதான வாக்கு எல்லாம் எங்கே போயின? எதிரிகளான பாண்டிடோஸ் முந்திக்கொள்ளும் என்ற அச்சம் வந்ததும் விதிகள் காற்றில் பறந்தன.

கலிபோர்னியாவுக்கு வெளியே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் முதல் கிளை எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? நியூயார்க்கிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. 1961இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில். 1975இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் கிளைகள் வந்தன. வெறும் பெயரும் சட்டையும் மட்டும் கடல் கடந்து வந்தனவா என்றால், இல்லை. மெல்பர்ன் கிளைக்கு ஓக்லாந்திலிருந்த கலிபோர்னியக் கிளை, ‘ஸ்பீட்’ எனப்படும் ஆம்ஃபெடமைன் போதைப்பொருளைத் தயாரிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தது. அதற்கு வேண்டிய ஒரு வேதிப்பொருள் அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இங்கே தாராளமாகக் கிடைத்தது. மெல்பர்ன்காரர்கள் அதை அன்னாசிப்பழச் சாறு டின்களில் அடைத்துக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். முன்பின் பார்த்திராத ஒருவன் அந்தச் சட்டையோடு வந்தால் நம்பிச் சரக்கைக் கொடுக்கலாம். சின்னத்தின் உண்மையான விலை அதுதான்.

கோமான்செரோஸ் கதை வேறு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ‘ஜாக்’ ராஸ் என்பவர் சிட்னியில் தொடங்கிய கும்பல் அது. ராணுவ ஒழுங்கின்மீது அவருக்கு ஒரு மோகம். ஆட்களை அணிவகுக்கச் செய்வார். 1983இல் கும்பல் இரண்டாக உடைந்தது. பிரிந்து போனவர்கள் டெக்சாஸில் இருந்த பாண்டிடோஸைத் தொடர்புகொண்டு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பாண்டிடோஸின் முதல் கிளை இதுதான். ஒரு வீட்டுச் சண்டை போல முடிந்திருக்கவேண்டிய விஷயத்துக்கு அனைத்துலகக் கொடி கிடைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1984 செப்டம்பர் 2. ஆஸ்திரேலியாவில் அன்று தந்தையர் தினம். சிட்னியின் தென்மேற்கே மில்பெராவில் வைக்கிங் டேவர்ன் என்ற மதுக்கூடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் பழைய மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்கள் விற்கும் சந்தை. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திருந்தார்கள். கோமான்செரோஸ் முன்பே வந்து காத்திருந்தார்கள். பாண்டிடோஸ் பின்னால் வந்தார்கள். துப்பாக்கி, கத்தி, பேஸ்பால் மட்டை, சங்கிலி. முடிந்தபோது கோமான்செரோஸ் தரப்பில் நால்வரும் பாண்டிடோஸ் தரப்பில் இருவரும் இறந்து கிடந்தார்கள். ஏழாவதாக இறந்தவள், தவறி வந்த குண்டு பாய்ந்த 14 வயதுச் சிறுமி. ஓராண்டுக்கு முன்புவரை ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டவர்கள்தான் அங்கே சுட்டுக்கொண்டார்கள்.

மற்ற நாடுகளிலும் இதே கதை, ஆயுதம் மட்டும் பெரிது. 1994 முதல் 1997 வரை டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் பாண்டிடோஸும் மோதியபோது, ராணுவக் கிடங்குகளில் திருடிய டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டுகளைக்கூட எய்தார்கள். 11 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் இரு தலைவர்களும் தொலைக்காட்சியில் கைகுலுக்கிச் சமாதானம் அறிவித்தார்கள், ஏதோ இரு நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்வது போல. கியூபெக்கில் ராக் மெஷின் கும்பலோடு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் நடத்திய போரில் 160 பேர் வரை மாண்டார்கள். 1995இல் மாண்ட்ரியல் தெருவில் வெடித்த கார் குண்டுக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் பலியானபிறகுதான் கனடா விழித்துக்கொண்டது.

அரசுகள் என்ன செய்தன? விமான நிலையக் கொலை நடந்து இரண்டு வாரத்துக்குள் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. அந்த விமானத்தில் வந்த ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவரே வழக்குப் போட, 2011இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. குயின்ஸ்லாந்து 2013இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தடைசெய்யப்பட்ட கும்பலைச் சேர்ந்த மூன்று பேர் பொது இடத்தில் சேர்ந்து நின்றாலே குறைந்தது ஆறு மாதச் சிறை. கும்பல் உறுப்பினராக இருந்து பெரிய குற்றம் செய்தால் வழக்கமான தண்டனையோடு கூடுதலாகப் பதினைந்து ஆண்டு. சிறையில் இளஞ்சிவப்பு உடை. அந்தச் சட்டத்தில் மாட்டியவர்களில் ஒருவர், தன் துணைவரோடு மதுக்கூடத்துக்குப் போன ஒரு நூலகப் பணியாளர். சில நாள் சிறையில் இருந்துவிட்டுத்தான் அவர் பிணையில் வந்தார். வேறு அரசு வந்து 2016இல் அந்தச் சட்டத்தை மாற்றியது.

சட்டையையும் கூட்டத்தையும் தடுத்தால் கும்பல் ஒடுங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் இவற்றின் அடிப்படை. இதற்குள் கும்பல்களே மாறிவிட்டன. தோல் சட்டையும் தாடியும் போய், விளையாட்டு உடையும் நவீன முடிவெட்டுமாக இளைஞர்கள் சேர்ந்தார்கள். பலரிடம் மோட்டார் சைக்கிளே கிடையாது. காவலர்கள் அவர்களைக் கேலியாக ‘நைக்கி பைக்கி’ என்றார்கள். ஒரு காலத்தில் வெள்ளையர் மட்டுமே சேரமுடிந்த இடங்களில் லெபனான், துருக்கி, டோங்கா வம்சாவளியினர் தலைமைக்கு வந்தார்கள்.

இனி நான் மிகவும் வருத்தத்தோடு கவனித்த ஒன்று. 2014 டிசம்பரில் ஆஸ்திரேலியா குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவைத் திருத்தியது. குடியுரிமை இல்லாத ஒருவருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால் விசா கட்டாயம் ரத்து. நிரந்தர வதிவுரிமையோடு இருபது ஆண்டு வாழ்ந்தாலும் விலக்கு இல்லை. நம்மவர்களில் வசதி கருதிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது. அதிகம் அகப்பட்டவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். பலர் கைக்குழந்தையாகச் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் வந்தவர்கள். நியூசிலாந்தில் உறவும் இல்லை, வேலையும் இல்லை. அங்கே இறக்கிவிடப்பட்டவர்களுக்குத் தெரிந்த ஒரே குடும்பம் கும்பல்தான். 2018இல் கோமான்செரோஸ் நியூசிலாந்தில் கிளை திறந்தது. திறந்தவர்கள் இப்படி நாடுகடத்தப்பட்டவர்கள். அடுத்து மங்கோல்ஸும் வந்தது. உள்ளூர்க் கும்பல்கள் அதுவரை பார்த்திராத பணமும், வெளிநாட்டுப் போதைப்பொருள் தொடர்புகளும், துப்பாக்கிகளும் அவர்களோடு வந்தன.

நியூசிலாந்துக் காவல்துறையின் கும்பல் பட்டியலில் 2017இல் ஐயாயிரம் சொச்சம் பெயர்கள் இருந்தன; 2024இல் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலில் மங்ரல் மாப், பிளாக் பவர் போன்ற உள்ளூர்க் கும்பல்கள்தான் பெரும்பான்மை என்பதையும் சொல்லவேண்டும். எல்லாப் பழியையும் ஆஸ்திரேலியாமீது போட முடியாது. ஆனாலும் 2020இல் சிட்னியில் ஆஸ்திரேலியப் பிரதமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ‘உங்கள் ஆட்களையும் உங்கள் பிரச்சினைகளையும் எங்களிடம் நாடுகடத்தாதீர்கள்’ என்று அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் சொன்னதில் நியாயம் இருந்தது. கலிபோர்னியாக்காரர்களுக்குக் கிளை பரப்பத் தபாலும் பயணமும் தேவைப்பட்டன. இங்கே ஓர் அரசே டிக்கெட் எடுத்து அனுப்பியது.

இவர்களுக்கு நிஜமாக வலித்த அடி எது என்று கேட்டால், 2021 ஜூனில் விழுந்த அடியைச் சொல்வேன். ‘அனோம்’ என்ற ரகசியச் செய்திச் செயலியை அமெரிக்க எஃப்பிஐயும் ஆஸ்திரேலிய மத்திய காவல்துறையும் தாங்களே நடத்திக் கும்பல்களிடையே புழங்கவிட்டன. கோமான்செரோஸோடு தொடர்புடையவராகத் தேடப்பட்டுவந்த ஒருவரே, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அறியாமல், தன் கூட்டாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தார். ஒவ்வொரு செய்தியும் காவல்துறைக்கும் போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுவதும் 800 பேருக்கு மேல் கைதானார்கள். சட்டையால் உருவான நம்பிக்கையையே திருப்பிப் பிடித்து அடித்த அடி அது. அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை தேவைப்பட்டது. தேர்தல் மேடையில் பேசி வாக்கு வாங்க உதவாது.

நியூசிலாந்து 2024 நவம்பர் 21 முதல் பொது இடங்களில் கும்பல் சின்னம் அணிவதைத் தடைசெய்திருக்கிறது. தெருவில் சின்னம் குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அது தேவையில்லை, வீட்டு வாசலுக்கே சரக்கு வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவோ, நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர்களை அனுப்பும் விதியை 2023இல் கொஞ்சம் தளர்த்தியது. எதிர்ப்பு எழுந்ததும் 2024இல் மறுபடி இறுக்கிவிட்டது. நாடுகடத்தல் தொடர்கிறது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.